வெளியே தெரியாத காயம்

சில ஆண்டுகளுக்கு முன்னர், எமது பணித்தளத்தைச் சேர்ந்த ஒரு கிராமத்தில் ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவன் தகப்பனாரின் மோட்டார் சைக்கிளில், எண்ணெய்த் தாங்கியின் மேல் அமர்ந்து கடைக்குப் போனான். மதகடியில் குறுக்கே ஓடிய நாயைத் தவிர்க்கத் தகப்பன் வண்டியைத் திருப்ப, அது சரிந்தது. தகப்பனின் தலையில் தலைக்கவசம் இருந்தது. மகனின் தலையில் எதுவும் இருக்கவில்லை.

ஒரு வைத்தியசாலையிலிருந்து இன்னொன்றுக்கும், அங்கிருந்து சத்திரசிகிச்சைக்காக மற்றொன்றுக்கும் கொண்டு செல்லப்பட்ட அவன் 11 நாட்கள் கண் திறக்கவில்லை. பன்னிரண்டாம் நாள் கண் விழித்து, "அம்மா, தண்ணி" என்றான். வீடு திரும்பிய நாளில் ஊரே படலையடியில் கூடிநின்று வரவேற்றது. கோயிலில் நன்றித் திருப்பலி ஒப்புக்கொடுத்தோம். கையும் காலும் சரியாக இருந்தன, பேச்சு வந்தது, தலையில் தையல் தழும்பை முடி மூடிவிட்டது. பிள்ளை சுகமாகிவிட்டான் என்று நாம் எல்லோரும் முடிவு செய்துகொண்டோம்.

ஆறு மாதங்களின் பின் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மறைக்கல்வி வகுப்பில் பக்கத்துப் பிள்ளை பென்சிலை எடுத்ததற்காக அவன் கதிரையைத் தூக்கி எறிந்தான். வாயில் வந்த சொற்களை இங்கே எழுத முடியாது. நான் அவனை வெளியே நிறுத்தினேன். வகுப்பு முடிந்ததும் தாயாரை அழைத்து, "செல்லம் கூடிப்போச்சு அம்மா. கொஞ்சம் கண்டிச்சு வளர்க்க வேணும்" என்று சொன்னேன். அந்த அம்மா மறுமொழி சொல்லவில்லை. தலையைக் குனிந்தபடி பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

அன்றிரவு தகப்பன் இடுப்புப் பட்டியால் பிள்ளையை அடித்தார் என்பதை இரண்டு நாட்களின் பின்னரே அறிந்தேன். "பாதரே சொல்லிப்போட்டார்" என்று சொல்லித்தான் அடித்தாராம். நான் அந்த வீட்டுக்குப் போனபோது தாயார் சொன்ன வார்த்தைகள் இன்றும் என் காதில் நிற்கின்றன: "பாதர், ஆஸ்பத்திரியிலை இருந்து வந்தது என்ரை பழைய பிள்ளை இல்லை. அவனைப் போலவே இருக்கிற வேறை ஒரு பிள்ளை. இதை நான் ஆருக்குச் சொல்லி அழ?"

தத்துவமும் இறையியலும் கற்ற எனக்கு இந்தக் கேள்விக்கு விடை தெரியவில்லை. அதன் பின்னர் வைத்தியர்களிடமும், உளநலப் பணியாளர்களிடமும், எல்லாவற்றுக்கும் மேலாக இத்தகைய பிள்ளைகளை வளர்க்கும் தாய் தந்தையரிடமும் கேட்டுக் கற்றுக்கொண்டவற்றையே இங்கு எழுதுகிறேன். என்னைப் போலத் தவறு செய்பவர்கள் எமது கிராமங்களில் இன்னும் பலர் இருக்கக்கூடும்.

மூளைக்கு என்ன நடக்கிறது?

பிள்ளைகளின் மூளை பல வழிகளில் காயமடைகிறது. வீதி விபத்து, மாமரத்திலிருந்தோ கட்டில்லாக் கிணற்றிலோ விழுதல், தலையில் அடிபடுதல் ஆகியன ஒரு வகை. குளத்திலோ கிணற்றிலோ மூழ்கி மீட்கப்பட்ட பிள்ளைக்கு மூச்சுத் தடைப்பட்ட நிமிடங்களில் ஒட்சிசன் கிடைக்காமல் மூளை பாதிக்கப்படுவது இன்னொரு வகை. மூளைக்காய்ச்சல் மூன்றாவது வகை. 1980களின் நடுப்பகுதியில் அநுராதபுரப் பகுதியில் பரவிய யப்பானிய மூளைக்காய்ச்சலில் உயிர்தப்பியவர்களுள் பலர் நிலையான பாதிப்புகளுடனேயே வாழ்ந்தனர். 1988இலிருந்து தடுப்பூசி கொடுக்கப்படுவதால் இப்போது அந்நோய் வெகுவாகக் குறைந்துள்ளது. போர்க்காலத்தில் எறிகணைச் சிதறல் தலையில் தைத்த பிள்ளைகளும் எம்மிடையே இருந்தனர். அவர்களுட் சிலர் இன்று தாமே பெற்றோராகிவிட்டனர்.

உடலோடு ஒப்பிடும்போது சிறுபிள்ளையின் தலை பெரியது, கழுத்துத் தசைகள் பலம் குறைந்தவை, மண்டையோடு மெல்லியது. வேகமாக வந்து மோதும்போது மூளை உள்ளே அசைந்து மண்டையோட்டின் உட்புறத்தில் இடிபடுகிறது. முன்பகுதியும் இரு பக்கங்களும் அதிகம் அடிவாங்குகின்றன. நெற்றிக்குப் பின்னே உள்ள முன்பகுதிதான், "பொறு, யோசி, இப்போது வேண்டாம்" என்று எமக்குச் சொல்லும் இடம். ஆசையையும் ஆத்திரத்தையும் அடக்குவது, ஒன்றன்பின் ஒன்றாக வேலையைத் திட்டமிடுவது, பிறர் முகத்தைப் பார்த்து அவர் மனதை அறிவது எல்லாம் அதன் வேலை.

மருத்துவ நூல்களில் இதற்கு ஒரு பழைய உதாரணம் உண்டு. 1848ஆம் ஆண்டு அமெரிக்காவின் வெர்மொன்ட் மாநிலத்தில் புகையிரதப் பாதை அமைத்த தொழிலாளரின் மேற்பார்வையாளரான பினியஸ் கேஜ் என்பவரின் கன்னத்தின் கீழே புகுந்த இரும்புக் கம்பி ஒன்று, மூளையின் முன்பகுதியைத் துளைத்து உச்சி வழியே வெளியேறியது. அவர் பிழைத்தார்; நடந்தார்; பேசினார். ஆனால் நிதானமான அந்த மனிதர் முன்கோபியாகவும் வாய்க்கு வந்ததைப் பேசுபவராகவும் மாறியதாக அவருக்குச் சிகிச்சையளித்த வைத்தியர் ஹார்லோ பதிவு செய்தார். நண்பர்கள் அவரைப் பழைய கேஜ் என்றே ஏற்கவில்லை. எமது கிராமத்துத் தாய் சொன்னதும் இதைத்தானே! கதையின் பிற்பகுதியை மட்டும் பலரும் சொல்வதில்லை. கேஜ் பின்னர் தென் அமெரிக்காவின் சிலி நாட்டுக்குச் சென்று, குதிரைகள் பூட்டிய பயணிகள் வண்டியைப் பல ஆண்டுகள் ஓட்டினார். நாள்தோறும் ஒரே ஒழுங்கில் நடந்த அந்த வேலையே அவரை ஓரளவு நிலைப்படுத்தியிருக்கலாம் என ஆய்வாளர் சிலர் கருதுகின்றனர்.

ஒரு கமக்காரருக்கு நான் இதை இப்படித்தான் விளக்கினேன். உழவு இயந்திரத்தின் எஞ்சின் நன்றாக இருக்கிறது, பிரேக் பழுதாகிவிட்டது. பள்ளத்தில் இறங்கும்போது அது நிற்காது. எஞ்சினுக்கு அடித்தால் பிரேக் திருந்துமா? பிரேக் பலம் பெறும்வரை பள்ளமான பாதையைத் தவிர்ப்பதும், மெதுவாக ஓட்டுவதும், கூடவே ஒருவர் நடந்து போவதுமே வழி.

காலம் கடந்து தெரியும் சேதம்

"சின்னப் பிள்ளைதானே, மூளை வளர வளரச் சரியாகிவிடும்" என்று நாம் ஆறுதல் சொல்வதுண்டு. 1930களில் மார்கரெட் கென்னார்ட் என்ற ஆய்வாளர் இளங் குரங்குகளில் செய்த பரிசோதனைகளை வைத்து மருத்துவ உலகமும் ஏறத்தாழ அப்படியே நம்பியது. இது எல்லாப் பிள்ளைகளுக்கும் பொருந்தாது என்பது இப்போது தெளிவாகியுள்ளது. மிக இளவயதில் ஏற்படும் கடுமையான காயம், இன்னும் கற்றுக்கொள்ளாத திறன்களின் அத்திவாரத்தையே பாதித்துவிடலாம்.

நாற்றுப் பருவத்தில் பட்ட சேதம் சில வேளைகளில் கதிர் வரும்போதுதான் தெரியவரும். அப்படியே நான்கு வயதில் காயப்பட்ட பிள்ளை ஐந்தாம் ஆண்டுவரை மற்றவர்களோடு சமமாகப் போகலாம். பாடங்கள் கடினமாகி, தானே திட்டமிட்டுப் படிக்கவேண்டிய வயது வரும்போது பின்தங்கத் தொடங்கும். மூளையின் முன்பகுதி இருபத்தைந்து வயதளவிலேயே முழு வளர்ச்சி பெறுகிறது. ஆகவே பன்னிரண்டு வயதில் புதிதாகக் கோபமும் மறதியும் தோன்றினால், "பருவக் கோளாறு" என்று ஒதுக்கிவிடாமல், பழைய தலைக்காயத்தைப் பற்றி வைத்தியரிடம் சொல்லவேண்டும். கிளினிக் கொப்பியையும், வைத்தியசாலையில் தந்த சீட்டுக்களையும், சி.ரி. ஸ்கான் படங்களையும் எறிந்துவிடாமல் பத்திரப்படுத்துங்கள்.

இதனால் நம்பிக்கை இழக்கத் தேவையில்லை. காயத்தின் பின்னான முதல் ஆறு மாதம் முதல் ஒரு வருடம்வரை முன்னேற்றம் விரைவாக இருக்கும். பின்னர் வேகம் குறைந்தாலும் ஆண்டுக்கணக்கில் தொடரக்கூடும்.

பிள்ளையின் கோபம்

காயமடைந்த மூளை சாதாரண வேலைக்கே அதிக சக்தியைச் செலவிடுகிறது. எனவே பிள்ளை விரைவில் களைத்துவிடும். இந்தக் களைப்பு முகத்தில் தெரியாது, கோபமாக வெடிக்கும். ஒரே நேரத்தில் வானொலியும், தண்ணீர் மோட்டாரும், நான்கு பேரின் பேச்சும் கேட்டால் அந்த மூளையால் தாங்கமுடியாது. பசி, நித்திரைக் குறைவு, தலைவலி, வெயில் ஆகியனவும் அப்படியே. சொல்லவேண்டிய சொல் வாயில் வராதபோதும், நேற்றுப் படித்தது இன்று மறந்துபோகும்போதும், முன்பு தன்னோடு ஓடியவர்கள் தன்னைவிட்டு ஓடும்போதும் பிள்ளையின் உள்ளம் கொதிக்கிறது. தான் மாறிவிட்டதை அவனும் அறிகிறான் என்பதை நாம் மறந்துவிடலாகாது.

இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். வலிப்புக்காகக் கொடுக்கப்படும் மருந்துகளுட் சில, குறிப்பாகப் பினோபாபிற்றோன், லெவெற்றிராசெற்றம் ஆகியவை, சில பிள்ளைகளில் எரிச்சலையும் கோபத்தையும் கூட்டக்கூடும். மருந்து தொடங்கிய பின் அல்லது அளவைக் கூட்டிய பின் பிள்ளை மாறினால் வைத்தியரிடம் சொல்லுங்கள். ஒருபோதும் நீங்களாக மருந்தை நிறுத்தவேண்டாம். திடீரென நிறுத்தினால் கடும் வலிப்பு வரலாம்.

வீட்டின் கோபம்

பிள்ளையின் கோபத்தைப் பற்றிப் பேசுவோர் வீட்டின் கோபத்தைப் பற்றிப் பேசுவதில்லை. நான் சொன்ன குடும்பத்தில் தாய் தகப்பனோடு ஐந்து மாதங்கள் முகம்கொடுத்துப் பேசவில்லை. "தலைக்கவசத்தைத் தன்ரை தலையிலை மட்டும் போட்டவர்" என்ற நினைவு அவரை வாட்டியது. அதைத் தகப்பனிடம் யாரும் சொல்லத் தேவையிருக்கவில்லை. அவர் ஒவ்வொரு இரவும் தமக்குத் தாமே சொல்லிக்கொண்டார். அந்த வேதனை கசிப்புப் போத்தலுக்கும், போத்தல் கைநீட்டலுக்கும் இட்டுச் சென்றது. தன்மேல் இருந்த கோபத்தையே அவர் பிள்ளைமேல் இறக்கினார்.

உறவினரின் பேச்சு எரியும் வீட்டுக்கு எண்ணெய் வார்த்தது. ஒருவர் செய்வினை என்றார். ஒருவர் கண்ணூறு என்றார். வேறொருவர் முன்னோர் செய்த பாவம் என்றார். பிறவியிலேயே பார்வையற்ற மனிதனைக் கண்டு, பாவம் செய்தது இவனா, இவன் பெற்றோரா என்று சீடர்கள் கேட்டபோது, இருவரும் அல்ல என்றே இயேசு மறுமொழி கூறினார். நோயாளியின் வீட்டில் குற்றவாளியைத் தேடும் பழக்கத்துக்கு அங்கேயே முற்றுப்புள்ளி வைக்கப்பட்டுவிட்டது.

இறந்த பிள்ளைக்காக அழ எமது சமூகத்தில் முறையுண்டு. எட்டுச் செலவு, முப்பத்தோராம் நாள், ஆண்டுத் திவசம் என்று துக்கத்தைப் பகிர வழிகள் உண்டு. உயிரோடிருக்கும் பிள்ளையின் பழைய குணத்தையும், அவனைப் பற்றிக் கண்ட கனவுகளையும் இழந்த தாய் எந்த நாளில் அழுவது? அமெரிக்கக் குடும்ப உளவியலாளரான போலின் பொஸ் 1970களிலிருந்து இத்தகைய துக்கத்தை ஆராய்ந்து, தெளிவற்ற இழப்பு என்று அதற்குப் பெயரிட்டார். 1999இல் அதுபற்றி நூலும் எழுதினார். ஒருவர் உடலால் இல்லாமல் நினைவில் இருப்பது ஒரு வகை. உடலால் இருந்தும் பழைய ஆளாக இல்லாதிருப்பது மற்றொரு வகை. காணாமற்போனோரின் குடும்பங்களை அறிந்த எமக்கு முதல் வகையை விளக்கத் தேவையில்லை. இரண்டாம் வகைத் துக்கமும் அதைப் போன்றதே. முடிவு இல்லாத துக்கம் பல வேளைகளில் கோபமாகவே வெளிப்படுகிறது. பெற்றோர் கெட்டவர்கள் என்பதற்கு அது அடையாளமல்ல.

கொப்பியில் எழுதிப் பார்த்தோம்

மாவட்ட வைத்தியசாலையின் உளநலப் பிரிவிலிருந்து வந்த பணியாளர் ஒருவர் அந்தத் தாயிடம் நாற்பது பக்கக் கொப்பி ஒன்றைக் கொடுத்தார். ஒவ்வொரு முறை பிள்ளை கோபப்படும்போதும் மூன்று விடயங்களை எழுதச் சொன்னார். அதற்குச் சற்று முன் என்ன நடந்தது? பிள்ளை என்ன செய்தான்? அதன் பின் நாம் என்ன செய்தோம்? அத்துடன் நேரத்தையும் குறிக்கவேண்டும். தாய் எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். ஆயினும் இரண்டு வாரங்கள் தவறாமல் எழுதினார்.

கொப்பியை விரித்தபோது, "இவன் எந்நேரமும் இப்படித்தான்" என்ற எமது எண்ணம் தவறென்று தெரிந்தது. பாதிக்கு மேற்பட்ட சம்பவங்கள் பின்னேரம் நான்கு மணிக்கும் ஆறு மணிக்கும் இடையில் நடந்திருந்தன. பாடசாலை முடிந்து, ரியூசனும் முடிந்து, வெறும் தேநீரோடு வீட்டுப்பாடத்தில் அமர்த்தப்பட்ட நேரம் அது. தண்ணீர் மோட்டார் ஓடுவதும் அந்நேரந்தான். மேலும், அவன் கத்தியவுடன் வீட்டுப்பாடம் நிறுத்தப்பட்டிருந்தது. கத்தினால் வேலையிலிருந்து தப்பலாம் என்று, நாம் அறியாமலே அவனுக்குக் கற்றுக்கொடுத்திருந்தோம்!

செய்த மாற்றங்கள் சிறியவை. ரியூசனை நிறுத்தினார்கள். பாடசாலையால் வந்ததும் சாப்பாடு, அதன்பின் ஒரு மணிநேரம் இருட்டான அறையில் ஓய்வு. வீட்டுப்பாடம் காலையில் பத்து நிமிடம், இடைவெளி விட்டு இன்னொரு பத்து நிமிடம். "களைச்சுப்போனன்" என்று வாயால் சொன்னால் உடனே ஓய்வு. கத்தினால் சற்றுப் பொறுத்து, அடங்கியபின் ஒரு வரியாவது முடித்துவிட்டு ஓய்வு. அன்றாட வேலைகளைப் படங்களாக வரைந்து சுவரில் ஒட்டினார்கள். இரண்டு மாதங்களில் கோபம் மறையவில்லை. ஆனால் நாள்தோறும் வந்தது, கிழமைக்கு இரண்டு மூன்று முறையாகக் குறைந்தது.

கோபம் மூளும் வேளையில்

கோபம் உச்சத்தில் இருக்கும்போது பிள்ளைக்குப் புத்தி சொல்லவேண்டாம். அந்நேரம் கேட்கும் காது அவனுக்கு இல்லை. முகம் சிவத்தல், கையை முறுக்குதல், ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லுதல் போன்ற முன்னறிகுறிகளைக் கற்றுக்கொண்டு, அப்போதே தலையிடுங்கள். "வா, மாட்டுக்குத் தண்ணி வைப்பம்" என்று திசைதிருப்புவது ஆயிரம் அறிவுரைக்கு மேல்.

அது தாண்டிவிட்டால், ஒருவர் மட்டும் பேசவேண்டும். அம்மம்மா ஒரு பக்கம், அண்ணன் ஒரு பக்கம், அயலவர் வேலிக்கு மேலால் என்று ஆளாளுக்குப் பேசுவது தீயை மூட்டும். குரலைத் தாழ்த்தி, நான்கைந்து சொற்களில் பேசுங்கள்: "அம்மா இஞ்சை நிக்கிறன். இரு." நேருக்கு நேர் நின்று முறைக்காமல் சற்றுப் பக்கமாக, கைக்கெட்டாத தூரத்தில் நில்லுங்கள். கத்தி, அரிவாள், கொதிநீர், மண்ணெண்ணெய் ஆகியவற்றையும் சிறு பிள்ளைகளையும் அப்புறப்படுத்துங்கள். பிள்ளை தானாகப் போய் அமரக்கூடிய ஓர் இடத்தை, வேப்பமர நிழலையோ பின் விறாந்தையையோ, முன்னரே அவனோடு பேசித் தீர்மானித்து வையுங்கள். அது தண்டனை இடமாக இருக்கக்கூடாது. கட்டி வைப்பதும் அறைக்குள் பூட்டுவதும் ஆபத்தானவை.

அடங்கியபின் உடனே வழக்கு விசாரிக்கவேண்டாம். தண்ணீர் கொடுத்து, அரைமணி கழித்து, என்ன நடந்தது என்று அமைதியாகப் பேசுங்கள். உடைத்ததைக் கூட்டி அள்ள அவனையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கோபம் வந்தும் கை ஓங்காமல் விலகிப்போன நாளைத் தவறாமல் பாராட்டுங்கள். காயப்பட்ட மூளை நீண்ட தண்டனையை நினைவில் வைத்துப் பாடம் கற்பதில்லை. உடனே கிடைக்கும் நல்ல வார்த்தையால் கற்கிறது.

பெற்றோருக்குக் கோபம் வந்தால்

வரும். வராமலிருந்தால்தான் அதிசயம். நெஞ்சு படபடக்கிறது, பல்லைக் கடிக்கிறேன் என்று உணர்ந்தவுடன் பிள்ளை பத்திரமாக இருப்பதைப் பார்த்துவிட்டு இருபது அடி தள்ளிப் போங்கள். கிணற்றடிக்குப் போய் முகம் கழுவுங்கள். மூச்சை மெதுவாக உள்ளே இழுத்து, அதைவிட மெதுவாக வெளியே விடுங்கள். கணவனும் மனைவியும் ஒரு குறிச்சொல்லை வைத்துக்கொள்ளலாம். அந்தக் குடும்பத்தில், "மோட்டரை நிப்பாட்டுங்கோ" என்று மனைவி சொன்னால் கணவர் வெளியே போகவேண்டும், மனைவி பொறுப்பெடுப்பார் என்பது ஏற்பாடு. கணவர் சொன்னால் மனைவி போவார். குடித்திருக்கும் நாளில் தகப்பன் பிள்ளையின் கோபத்தில் தலையிடுவதில்லை என்பது இன்னொரு ஏற்பாடு. குடியை நிறுத்துவதற்கு முன்னரே இது கைகூடிற்று.

இங்கே ஒரு கடும் எச்சரிக்கை. கோபம் மூளைக்காயத்தின் விளைவு மட்டுமல்ல. அதுவே மூளைக்காயத்துக்குக் காரணமும் ஆகலாம். அழுகையை நிறுத்தாத கைக்குழந்தையை ஆத்திரத்தில் பிடித்து உலுக்கினால் மூளையில் இரத்தம் கசிந்து, பார்வை இழப்போ வலிப்போ மரணமோ ஏற்படலாம். பிறந்து ஆறு முதல் எட்டு வாரமளவில் குழந்தைகள் அதிகமாக அழுவது இயல்பு. பொறுமை எல்லை கடந்தால் குழந்தையைப் பாயில் மல்லாக்கப் படுக்கவைத்துவிட்டு வெளியே வந்து யாரையாவது கூப்பிடுங்கள். அழுகையால் குழந்தைக்கு ஆபத்து வராது, உலுக்கினால் வரும். தலையில் ஏற்கனவே காயப்பட்ட பிள்ளையின் தலையில் குட்டுவதும் கன்னத்தில் அறைவதும் எத்தகைய பாதகம் என்பதை இனிச் சொல்லத் தேவையில்லை.

சகோதரரும் பாடசாலையும்

அந்த வீட்டில் பதின்மூன்று வயது அக்கா ஒருத்தி இருந்தாள். விபத்துக்குப் பின் அவளிடம் யாரும் எதையும் கேட்கவில்லை. அவளும் எதையும் கேட்கவில்லை. "நல்ல பிள்ளை, ஒரு கரைச்சலும் இல்லை" என்று எல்லோரும் புகழ்ந்தனர். அவளது கொப்பிகளைத் தம்பி கிழித்தபோது, "அவன் வருத்தக்காரப் பிள்ளை, நீதான் பொறுக்க வேணும்" என்றனர். இப்படிப்பட்ட பிள்ளைகளின் மௌனத்தை நாம் நம்பக்கூடாது. அவளுக்கும் உண்மையை விளக்கவேண்டும். பூட்டுப் போட்ட ஒரு பெட்டி கொடுக்கவேண்டும். கிழமையில் ஒரு மணிநேரமாவது தாய் அவளுக்கு மட்டும் உரியவளாக இருக்கவேண்டும்.

பாடசாலைக்குத் திரும்பும்போது முதல் சில வாரங்கள் அரைநாள் போதும். முன்வரிசையில், யன்னலிலிருந்தும் கதவிலிருந்தும் தள்ளி இடம் கொடுங்கள். ஒரு நேரத்தில் ஒரு வேலையைச் சொல்லி, அதைக் கரும்பலகையிலும் எழுதுங்கள். விடை சொல்லக் கூடுதல் நேரம் கொடுங்கள். தலையில் மீண்டும் அடிபடக்கூடிய விளையாட்டுகளை வைத்தியர் அனுமதிக்கும்வரை தவிருங்கள். பாடசாலைகளில் உடல் தண்டனை கூடாதென 2005ஆம் ஆண்டிலேயே கல்வி அமைச்சின் சுற்றறிக்கை வந்துவிட்டது. மூளைக்காயப் பிள்ளைக்குப் பிரம்பு மருந்தல்ல என்பதைத் தலைமையாசிரியர் மற்ற ஆசிரியர்களுக்கும் எடுத்துச் சொல்லவேண்டும்.

கிராமம் செய்யக்கூடியவை

இத்தகைய குடும்பத்துக்குத் தேவைப்படுவது எமது இரக்கப் பார்வையல்ல, இரண்டு மணிநேரம். மாதர் சங்கத்தைச் சேர்ந்த ஒரு பெண் கிழமையில் ஒரு பின்னேரம் பிள்ளையைப் பார்த்துக்கொண்டால், தாய் நித்திரை கொள்ளலாம், சந்தைக்குப் போகலாம், அழலாம். எமது பணித்தளத்தில் இவ்வாறான ஐந்து குடும்பங்கள் மாதத்தில் ஒருமுறை சனசமூக நிலையத்தில் கூடுகின்றன. சமயப் பிரசங்கம் கிடையாது. தேநீரும் பேச்சும்தான். முதல் கூட்டத்தில் தந்தையர் எவரும் வரவில்லை. "கதிரை செய்யிற வேலை இருக்கு, உளியைக் கொண்டு வாங்கோ" என்று சொன்ன பிறகு மூவர் வந்தார்கள். கையில் வேலை இருந்தபோது வாயும் திறந்தது.

கிராம அலுவலர், குடும்பநல மாது, பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தர் ஆகியோருக்கு இத்தகைய பிள்ளைகளைத் தெரியப்படுத்துங்கள். அங்கவீனம் என்றால் கண், காது, கை, கால் மட்டுமே என்று எண்ணிப் பதியாமல் விடுகிறோம். 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்க வலுவிழந்த ஆட்களின் உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டம், உடல் பாதிப்புகளுடன் உளப் பாதிப்புகளையும் கருத்திற் கொள்கிறது.

வருமுன் காப்பதும் கிராமத்தின் கடமையே. நல்ல தலைக்கவசம் மோட்டார் சைக்கிளோட்டியின் தலைக்காய ஆபத்தைச் சுமார் 70 சதவீதம் குறைப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன. பிள்ளைக்குப் பிள்ளையின் அளவிலேயே கவசம் வேண்டும். எண்ணெய்த் தாங்கியின் மேல் பிள்ளையை இருத்தாதீர்கள். திறந்த கிணறுகளுக்குக் கட்டுக் கட்டுங்கள்.

தலையில் அடிபட்ட பிள்ளை திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தாலும், எழுப்ப முடியாதபடி தூங்கினாலும், வலிப்பு வந்தாலும், தலைவலி கூடிக்கொண்டே போனாலும், மூக்காலோ காதாலோ இரத்தம் அல்லது தெளிந்த நீர் வடிந்தாலும், கண்மணிகள் ஒன்றுக்கொன்று அளவில் வேறுபட்டாலும் ஒரு நிமிடமும் தாமதியாமல் வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும். கழுத்தை அசைக்காமல் தூக்குங்கள். வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.

இன்று

அந்தச் சிறுவனுக்கு இப்போது பன்னிரண்டு வயது. புதுமை எதுவும் நடக்கவில்லை. வகுப்பில் பின்தங்கியே இருக்கிறான். கணக்கு வருவதில்லை. ஆனால் வீட்டின் இரண்டு பசுக்களும் அவன் பொறுப்பு. அதிகாலையில் எழுந்து, தினமும் ஒரே ஒழுங்கில் வைக்கோல் போட்டு, தண்ணீர் வைத்து, கட்டை மாற்றுகிறான். மாடுகளோடு அவன் கோபித்ததை நான் கண்டதில்லை.

தகப்பனிடம் நான் மன்னிப்புக் கேட்டேன். "நான் தெரியாமல் சொன்ன சொல்லாலை நீங்கள் அடிச்சீங்கள்" என்றேன். அவர் நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அடிச்சது என்ரை கைதானே, பாதர்" என்றார். பின்னர் தாமே மகனிடம் போய், விபத்தைப் பற்றியும் அடியைப் பற்றியும் பேசினார் என்று தாயார் சொன்னார். அவன் அதை எவ்வளவு விளங்கிக்கொண்டானோ தெரியாது. அடுத்த நாள் காலையில் பால் கறக்கும்போது தகப்பனுக்குப் பக்கத்தில் வந்து குந்தியிருந்தானாம்.

அந்தத் தாயிடம் அண்மையில், பழைய பிள்ளையை இன்னும் தேடுகிறீர்களா என்று கேட்டேன். "தேடுறன்தான்" என்றார். "ஆனால் இவனும் என்ரை பிள்ளைதானே. இவனை இப்பத்தான் பழகுறன்."